பின்னிணைப்பு இருந்த வாய்

நாவற்குறிச்சி வாணி டைப்பிங் சென்டரின் கம்ப்யூட்டருக்குள் பல்லி விழுந்து செத்தது புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சரஸ்வதி பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கையில். பல்லியோடு சேர்ந்து கம்ப்யூட்டரும் போனது. கடைக்காரர் தெய்வநாயகம் முதலில் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், முழங்காலில் விழுந்தால் என்று பலன் எல்லாம் வரிசையாக இருந்தது, கம்ப்யூட்டரில் விழுந்தால் என்னவென்று இல்லை. அதன் பிறகுதான் அவர் திருநெல்வேலியிலிருந்து ரிப்பேர்காரர் அந்தோணியை வரவழைத்தார்.

தெய்வநாயகத்திடம் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரே ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள், கம்ப்யூட்டரில் உள்ள அத்தனையையும் ஒரு பெட்டியில் நகலெடுத்து, அந்தப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். பிறகு அடுத்த வருடம் வரை அதைத் தொடமாட்டார். பூஜையில் வைத்ததை நடுவில் எடுப்பது கல்விக்கு ஆகாது என்பது அவர் கட்சி. அந்தோணி துணியை அவிழ்த்து, பெட்டியை மாட்டி, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். ஏறியது போன வருடத்துச் சரஸ்வதி பூஜை வரை. அதற்குப் பிறகு அடித்த ஆயிரத்து நூற்றுப் பதினான்கு கோப்புகள் இல்லை.

"அதெல்லாம் எங்கடே போகும்?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

"பழச ஏத்தினா புதுசு எறங்கிரும் அண்ணாச்சி. எங்கயாவது போயிருக்கும்" என்றார் அந்தோணி, ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு.

அவர் சொன்னது சரிதான் என்பது மறுநாள் பதினொன்றரைக்குத் தெரிந்தது. கம்பியில் உரசிய வேப்பங்கிளையை வெட்டுவதற்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்திய அதே கணத்தில் ஆட்டுக்கறிக் கடை காஜா மைதீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தெளிவான குரலில், "நிகழும் மங்களகரமான ஆவணித் திங்கள் பன்னிரண்டாம் நாள் எங்கள் இல்லக் காதணி விழா" என்று தொடங்கி, தாய்மாமன்மார் பெயர்கள் ஒன்றுவிடாமல் சொல்லி, அச்சகத்தின் பெயரோடு முடித்தார். வங்கி வரிசையில் நின்ற சத்துணவு அமைப்பாளர் ஒரு சைவ ஹோட்டலின் விலைப்பட்டியலைச் சொன்னார். ஆறாவது வார்டு கவுன்சிலர் மாரிதுரை, தன் வீட்டு வாசலில், நாலு பேர் பார்க்க, தன் வார்டில் பதினெட்டு மாதமாகச் சாக்கடை அள்ளவில்லை என்று கலெக்டருக்கு எழுதப்பட்ட புகார் மனுவை, 'மேற்படி மாரிதுரை' என்று தன் பெயர் வந்த ஐந்து இடங்களிலும் குரல் தடுக்காமல், பணிவன்புடன் வரை ஒப்பித்தார். மின்சாரம் வந்ததும் எல்லோர் வாயும் பாதிச் சொல்லில் நின்றது. தண்ணீர் குடித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காஜா மைதீன் கத்தியை எடுத்து, "அரைக் கிலோவா, முக்கால் கிலோவா?" என்று கேட்டார்.

ஒரு வாரத்துக்குள் சட்டதிட்டங்கள் புரிந்துவிட்டன. ஒரு வாய்க்கு ஒரு கோப்பு. மின்சாரம் போனால் பேசும், வந்தால் நிற்கும், முடிந்தாலும் மறுபடி போனாலும் முதலிலிருந்து தொடங்கும். யாராவது உட்கார்ந்து முழுவதையும் கையால் எழுதி முடித்துவிட்டால் வாய் விடுதலை. செல்போனில் பதிந்தால் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது. எனவே ஊரில் எல்லோர் சட்டைப்பையிலும் பேனா ஏறியது. பூதத்தானின் டீக்கடையில் ஒரு கரும்பலகை தொங்கியது. இடப்பக்கம் 'இருப்பவை', வலப்பக்கம் 'தேடப்படுபவை'. கீழத்தெரு தையல்காரரிடம் ஒரு நிலப்பத்திரம் இருக்கிறது, உரியவர் அணுகவும். தன் ஜாதகத்தைக் காணாத மணமகன் இன்ன நட்சத்திரம், கண்டவர் சொல்லவும். மின்சாரம் போகும்போது எதிரே இருப்பவரின் வாயை உற்றுப் பார்க்கக் கூடாது, தாளைத்தான் பார்க்க வேண்டும் என்றொரு மரியாதை தானாக உண்டாயிற்று. மாரிதுரை தன் மனுவைத் தானே எழுத முடியாமல், ஏனென்றால் சொல்லும்போது கை ஓடவில்லை, புகார் கொடுத்தவரையே கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்று மின்தடை பொறுத்துப் பார்த்தும் அந்த மனிதர் வராததால் மாரிதுரை சாக்கடையை அள்ளினார். அன்று மாலையே புகார்காரர் பேனாவோடு வந்தார்.

இதெல்லாம் சின்னக் கோப்புகள். பத்து நிமிடம் கிளை வெட்டும் நேரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை இறங்கிவிடும். முப்பிடாதியின் ஆய்வேடு இறங்காது.

முப்பிடாதிக்கு வயது முப்பத்து நான்கு, நாவற்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடம். ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் மூன்று முறை தவணை நீட்டிக் கொடுத்து, ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு வராவிட்டால் பதிவு ரத்து என்று எழுதியிருந்தது. அவளுடைய தலைப்பு, நெல்லை வட்டார வசைமொழிகள். சந்தை, குழாயடி, பேருந்து நிலையம், கோயில் கொடைப் பந்தல் என்று ஏழு வருடம் சண்டை நடக்கும் இடமாகப் பார்த்துப் போய் நின்று, யார் யாரை என்ன சொல்லி வைதார்கள் என்று குறித்து, வகை பிரித்து, நான்கு இயல்களும், எண்ணூற்று நாற்பத்தாறு சொற்கள் கொண்ட ஒரு பின்னிணைப்பும் எழுதியிருந்தாள். எழுத உட்கார்ந்தது போன சரஸ்வதி பூஜைக்குப் பிறகுதான்; எழுத எழுதத் தெய்வநாயகத்திடம் கொடுத்தாள். அவர் அடித்து முடித்த தாள்களை வடை மடிக்கப் பூதத்தானுக்குக் கொடுப்பது இன்னொரு வழக்கம். வீட்டில் அவள் ஒரு தாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. காரணம், மாமியார்.

மாமியார் ஆவுடையம்மாளுக்கு ஊரில் பெரிய பெயர். வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக் குழுவுக்குப் பதினொரு வருடமாகத் தலைவி. ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்து யாரும் கேட்டதில்லை. மொட்டைமாடியில் காயும் வடகத்தைக் கொத்த வரும் காக்கையிடம்கூட, "கொஞ்சம் தள்ளிக்கிடும்மா" என்றுதான் சொல்வார். அவரிடம் முப்பிடாதி, "வட்டார மொழி ஆராய்ச்சி அத்தை" என்று சொல்லி வைத்திருந்தாள். "நல்ல காரியம்மா" என்று அவரும் அதோடு விட்டிருந்தார்.

முதல் இயல் பூதத்தானிடமே இருந்தது. இரண்டாவது, நோய் சார்ந்த சாபங்கள், பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடம். மூன்றாவது பூக்கட்டும் லூர்தம்மாளிடம். நான்காவது இயல், உறவுமுறை வசைகள், மின்சார அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் செல்வின் துரைராஜிடம். அவர் அதைப் பற்றி வருத்தப்படவில்லை. "இருபத்தேழு வருஷ சர்வீஸ்ல போன்ல நான் கேட்டதெல்லாம் இதுல இருக்கும்மா. ஆனா இப்படி தலைப்புப் போட்டு யாரும் வஞ்சதில்ல" என்றார்.

பின்னிணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. கரும்பலகையின் வலப்பக்கத்தில் மற்றவை ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வர, 'வசைச்சொல் பட்டியல், 41 பக்கம், அவசரம்' என்பது மட்டும் நின்றது. பூதத்தான் டீ ஆற்றும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டு, "எவனோ அமுக்கிவச்சுட்டு முழிக்கான். அத வெளிய சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்?" என்பார். அது உண்மை. பட்டியலின் முதல் பக்கத்தைக் கேட்டால் போதும், நல்ல குடும்பத்தார் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள்.

இதற்கிடையில் ஊர் மின்தடை கேட்டுப் போராடியது. நாவற்குறிச்சி வரலாற்றில் மின்சார அலுவலகத்தின் முன் பலமுறை கூட்டம் கூடியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கூடியது அதுவே முதல் முறை. கிளை உரசாத தெருக்காரர்கள் உரசும் தெருக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைப் பூட்டிச் சாவியைக் குலதெய்வம் கோயில் உண்டியலில் போட்டார்கள். ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் மட்டும் எதிர்த்தார், அவர் வாயிலும் ஒரு பட்டா மாறுதல் மனு இருந்ததால் அவரும் அடங்கினார். செல்வின் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். மின்தடை வேண்டும் என்று கேட்பதற்கு விண்ணப்பப் படிவம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. "மாசாந்திர பராமரிப்பு இருக்குல்லா. ஐப்பசி கடைசிச் செவ்வாய், காலை ஒம்பதுலேருந்து சாயந்தரம் அஞ்சு. அதுல எறக்கிக்கிடுங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டா எனக்கு மெமோ வரும்" என்றார் அவர்.

செவ்வாய் என்றால் வெள்ளிக்கு மூன்று நாள் மிச்சம். அடித்துத் தர அது போதும் என்றார் தெய்வநாயகம். ஊரில் வேறு யாரையும் நம்பாமல் தன் பழைய சுருக்கெழுத்துப் புத்தகத்தையும் தேடி எடுத்தார். இருபது வயதில் தேறிய பரீட்சை, அதற்குப் பிறகு வாழ்க்கையில் யாரும் அவரிடம் அவ்வளவு வேகமாக எதையும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, நான்கு இயல்களையும் நான்கு மூலையில் உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதினார்கள். நடுவில் மிச்சக் கோப்புகள் எல்லாம் எழுந்தன: விடுப்பு விண்ணப்பங்கள், விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரல், கண்ணீர் அஞ்சலிகள், ஒரு பள்ளியின் வினாத்தாள். மொத்த மண்டபமும் ஒரே சமயத்தில் முணுமுணுத்தது, தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. பந்தோபஸ்துக்கு வந்த காவலர் முத்துக்குட்டி வாசலில் நின்று, யாரோ யாருக்கோ எழுதிய ஒரு காதல் கடிதத்தை இருபத்து மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதிக்கொள்ள வந்தவர்களிடம், "வேண்டாம்டே, இது இங்கயே இருக்கட்டும்" என்று மின்சாரம் இருந்த நாட்களிலேயே சொல்லி வைத்திருந்தார்.

இரண்டு மணிக்கு நான்கு இயல்களும் முடிந்தன. பூதத்தான் வாய் விடுதலையாகி, ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, மூலையில் வெறும் நோட்டோடு உட்கார்ந்திருந்த முப்பிடாதியிடம் வந்தார்.

"ஏ தாயி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காத. ஊரே கரண்ட் போகணும்னு நேந்துகிட்டுக் கெடக்கு. உங்க வீட்டுல மட்டும் புதுசா இன்வெர்ட்டர் வாங்கியிருக்காவளே, யாருக்கு?"

"அத்தை வாங்கினாங்க. நான் படிக்க வெளிச்சம் வேணும்னு."

"சரி. ஒங்க அத்தை ஒரு மாசமா விளக்கு பூஜைக்கு வரலையாம்லா."

"முழங்கால் வலி."

பூதத்தான் தெய்வநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். தெய்வநாயகம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். முப்பிடாதி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

வீட்டில் டிவி ஓடவில்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை, விசிறியும் ஓடவில்லை. ஒரே ஒரு சின்ன நீல பல்பு எரிந்தது. அதன் கீழே ஆவுடையம்மாள் முந்தானையை வாயில் வைத்து உட்கார்ந்திருந்தார். மூலையில் இன்வெர்ட்டர் சார்ஜ் குறைந்து கீ கீ என்று கத்தத் தொடங்கியிருந்தது. நாற்காலியில் மாமனார் நமச்சிவாயம் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து அங்கேதான் இருக்கிறார்; எந்த வேலை சொன்னாலும் "நாளைக்குப் பாப்போம்" என்பார்.

"வாம்மா முப்பிடாதி. சாப்பிட்டியா?" என்றார் ஆவுடையம்மாள்.

"அத்தை, உங்ககிட்டயா இருக்கு?"

"என்னதும்மா?"

"என்னோட பின்னிணைப்பு."

ஆவுடையம்மாள் மருமகளைப் பார்த்தார். இன்வெர்ட்டர் நான்கு முறை கத்தியது.

"அது நீ எழுதினதா?"

"ஆமா அத்தை. ஊர் ஊராப் போய்ச் சேத்தது. உங்ககிட்டச் சொல்லப் பயந்துகிட்டு…"

"ஒரு மாசமா நான் படுறபாடு எனக்குத்தாம்மா தெரியும்" என்றார் அவர், குரல் ஏறாமல். "மொதநாள் கரண்ட் போனப்ப அடுக்களைல நின்னேன். என் வாயே வரிசையா வையிது. நாப்பது வருஷமா முழுங்கினது எல்லாம் சாமி வெளிய கொண்டாருதுன்னு நெனச்சேன். இத வச்சுக்கிட்டு எப்படி விளக்கு முன்னால போய் உக்காருவேன்? அப்ப, அதெல்லாம் என்னுது இல்லையா?"

"இல்ல அத்தை. ஒண்ணுகூட உங்களுது இல்ல."

ஆவுடையம்மாளின் முகத்தில் நிம்மதி வந்தது. அதற்குப் பின்னாலேயே, கூடவே வந்து வாசலில் நின்ற தெய்வநாயகம் பிற்பாடு டீக்கடையில் சொன்னபடி, லேசாக ஓர் ஏமாற்றமும் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமோ?"

"வேணும் அத்தை. இல்லன்னா ஏழு வருஷமும் போச்சு."

சுவரில் ஆவுடையம்மாளின் மாமியார் படம், சந்தன மாலையோடு தொங்கியது. உயிரோடு இருந்த காலத்தில் அந்த அம்மாள் வாயைத் திறந்தால் எதிர்வரிசை வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆவுடையம்மாள் அந்தப் படத்தை ஒரு தரம் பார்த்தார். எழுந்து போய், முழங்கால் வலி எதுவும் இல்லாமல் போய், இன்வெர்ட்டரின் பொத்தானைத் தன் கையாலேயே அணைத்தார்.

அப்போது மணி இரண்டே முக்கால்.

"பின்னிணைப்பு ஒன்று. வசைச்சொற்கள், அகர வரிசையில்" என்று தொடங்கினார் ஆவுடையம்மாள், விளக்கு பூஜையில் நூற்றெட்டுப் போற்றி சொல்லும் அதே ராகத்தில். "எடுபட்டவன்: ஊரைவிட்டு நீங்கத்தக்கவன், பெரும்பாலும் மகனை நோக்கித் தாய் கூறுவது. கரிமுடிவான்: தீயில் முடியத்தக்கவன். கூறுகெட்டவன். கோட்டிக்காரன். சவத்து மூதி: பால் வேறுபாடின்றி வழங்கும்." தெய்வநாயகத்தின் பென்சில் முப்பது வருடத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியது, வீட்டு வாசலில் ஆள் சேர்ந்தது, விளக்கு பூஜைக் குழுவிலிருந்து ஏழு பெண்கள் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் பழக்க தோஷத்தில் "போற்றி" என்றார்கள். "நீக்கம்பில் போவான்: கொள்ளைநோயில் இறக்கத்தக்கவன்." "போற்றி." "பேதியில் போவான்: மேற்படி." "போற்றி." நமச்சிவாயத்தின் செய்தித்தாள் விரற்கடை விரற்கடையாகக் கீழே இறங்கியது.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு, "எண்ணூற்று நாற்பத்தாறு. வெறும்பயல்: கையிலும் தலையிலும் ஒன்றும் இல்லாதவன்" என்று கோப்பு முடிந்தது. தெய்வநாயகம் கோடு இழுத்து விரலைச் சொடுக்கினார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆவுடையம்மாள் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி சொன்னார்:

"எண்ணூத்தி நாப்பத்தேழு."

முப்பிடாதி தாளைப் பார்த்தாள். "அத்தை, பட்டியல் முடிஞ்சுட்டு."

"எழுதுளா" என்றார் ஆவுடையம்மாள். ஒன்பது வருடத்தில் அவர் அவளை 'ளா' போட்டது அதுதான் முதல் தடவை. "மூடி தொலஞ்ச டப்பா. ரகசியம் தங்காதவ. இது என் நாத்தனாருக்கு. அடுத்தது, கழுவாத சல்லடை. நல்லத விட்டுட்டுத் திப்பிய மட்டும் புடிச்சு வச்சுக்கிடுதவ. இது அந்தா படத்துல இருக்காவளே, அவியளுக்கு. அடுத்தது, நனஞ்ச தீப்பெட்டி. எத்தன தரம் ஒரசினாலும் பத்தாத ஆளு."

சரியாக ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. விசிறி சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது. மண்டபத்தில் மிச்சமிருந்த வாய்களெல்லாம் பாதிச் சொல்லில் நின்றன. ஆவுடையம்மாள் நிற்கவில்லை. அரைத்தது, ஆட்டியது, புடைத்தது, வடித்தது என்று அடுக்களையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு சொல் எடுத்து, யாருக்கு, எந்த வருடம், எதற்கு என்று விளக்கத்தோடு சொல்லி, தெருவிளக்கு எரியும் வரை சொன்னார். தொள்ளாயிரத்துப் பதினொன்றில் நிறுத்தினார். "இப்போதைக்கு இது போதும்" என்று எழுந்து போய்க் கைகால் கழுவி விளக்கேற்றினார்.

ஆய்வேடு வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தெய்வநாயகம் இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு நகலெடுக்கிறார், பெட்டிக்கு மஞ்சள் துணி சுற்றுவதை மட்டும் விடவில்லை. இன்வெர்ட்டர் இப்போது அவர் கடையில் இருக்கிறது. ஆவுடையம்மாள் தனக்கு இனி அது தேவைப்படாது என்று கொடுத்துவிட்டார். முத்துக்குட்டி இன்னும் அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறார். மின்சாரம் போனால் காவல் நிலையப் பக்கம் சிலர் வேலை இருப்பதுபோல் நடக்கிறார்கள்.

வாய்மொழித் தேர்வு சித்திரையில் நடந்தது. நாவற்குறிச்சியிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனார்கள். புறத்தேர்வாளர் மதுரையிலிருந்து வந்த பேராசிரியர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்னிணைப்பைப் புரட்டினார்.

"எண்ணூற்று நாற்பத்தேழு முதல் தொள்ளாயிரத்துப் பதினொன்று வரை உள்ள சொற்கள் வேறெந்தத் தொகுப்பிலும் இல்லை. அறுபத்தைந்தும் ஒரே தகவலாளி தந்தவை என்கிறீர்கள். இதில், நனைந்த தீப்பெட்டி என்ற சொல்லின் வழக்குச் சூழல் என்ன? களத்தில் யாரைக் குறித்து வழங்குகிறது?"

முப்பிடாதி வாயைத் திறந்தாள். அதற்குள் அரங்கின் கடைசி வரிசையில், கூறைச்சேலை சரசரக்க ஆவுடையம்மாள் எழுந்து நின்றார்.

"அவிய அந்தா முன்வரிசைல உக்காந்திருக்காவ சார்."

அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நமச்சிவாயம் மடியிலிருந்த செய்தித்தாளை நான்காக மடித்து நாற்காலியில் வைத்தார். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. உடனே எழுந்து, அவையை நோக்கித் திரும்பி, இரண்டு கைகளையும் கூப்பி வணங்கினார்.